பெங்களூரின் தேர்தல் களங்கள்: ஜயநகர்

பசவனகுடியின் வரலாற்றைச் சென்ற இதழோடு முடித்துக்கொண்டோம். அதை ஒட்டித் தென்கிழக்கே விரிந்து கிடக்கும் ஜயநகருக்கு இப்போது வருகிறோம். கர்நாடகச் சட்டசபையின் 224 தொகுதிகளுள் பரப்பினாலோ வாக்காளர் தொகையினாலோ முதலிடம் பெறத்தக்க தொகுதி அன்று இது; முதல் மந்திரி எவரையும் இது தந்ததுமில்லை. ஆயினும், ராஜ்யம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் காலத்திலும், தம் மனத்துக்குச் சரியென்று பட்டதையே எழுதிக்கொடுக்கும் வாக்காளர்கள் எத்தகையோர், அவர்கள் எவ்வாறு அப்படி ஆனார்கள் என்பதை அறிய விரும்புகிறவர்கள், இந்நகரத்தின் வேறெந்தத் தொகுதியைக் காட்டிலும் ஜயநகரிடமிருந்தே அதிகம் தெரிந்துகொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வோட்டுகளை இரண்டு அபேட்சகர்கள் பங்கிட்டுக்கொண்டு, கடைசியில் 16 வோட்டுகளின் வித்தியாசத்தில் ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார் என்ற செய்தி 2023-ஆம் ஆண்டில் தேசம் முழுவதையும் இத்தொகுதியின் பக்கம் திரும்பிப் பார்க்கச் செய்தது. அந்த இரவை இவ்வத்தியாயத்தின் பிற்பகுதியில் சற்று நின்று பார்ப்போம்.

ஊரின் தோற்றத்திலிருந்து தொடங்குவது முறை. இந்தியா சுதந்திரம் அடைந்த மறு ஆண்டாகிய 1948-இல், அப்போது கவர்னர் ஜெனரல் பதவியை வகித்த ராஜாஜி அவர்கள் இங்கே வந்து இப்புதிய குடியிருப்புக்குத் தொடக்கம் செய்து வைத்தார்; சிங்கங்களைத் தலையில் தாங்கி, லால்பாகுக்குத் தெற்கே இன்றும் நின்றுகொண்டிருக்கும் அசோகத் தூண் அதற்கு அடையாளம். ஆட்டோக்காரரிடம் 'அசோகா பில்லர்' என்றால் போதும், வேறு விலாசம் சொல்ல வேண்டியதில்லை. 1945-இல் அமைக்கப்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்டு போர்டு, வயல்களும் தோப்புகளும் சின்னஞ்சிறு கிராமங்களுமாக இருந்த பூமியை அளந்து, 'பிளாக்' 'பிளாக்'காகப் பிரித்து, மனைகளை ஒதுக்கிக் கொடுத்தது. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள், ஆசிரியர்கள், வங்கிகளிலும் பொதுத்துறைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்தவர்கள் ஆகியோர் சேமிப்பையும் கடனையும் கூட்டி இங்கே வீடு கட்டிக்கொண்டார்கள். வேப்பமும் புங்கமும் நிழல் செய்யும் அகன்ற வீதிகளும், நாலாவது பிளாக்கின் வியாபார வளாகமும், அதைச் சுற்றிய காய்கறிக் கடைகளும், நூல் நிலையமுமாக நடுத்தர வகுப்பாரின் ஓர் ஆதர்ச நகரம் உருவாயிற்று.

ஆனால் தொகுதி என்பது அந்த நிழல் வீதிகள் மட்டுமன்று. கிழக்கே பைரசந்திராவும், திலக் நகரும், குரப்பனபாளையமும் நெருக்கமான தெருக்களும் சிறு பட்டறைகளும் கொண்டவை; முஸ்லிம் குடும்பங்களும், கூலி வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் இப்பகுதிகளில் கணிசமாக உண்டு. தெற்கே ராகிகுட்டா என்னும் குன்றின்மேல் ஆஞ்சநேயர் கோவில் கொண்டிருக்கிறார். குன்றின் பக்கத்தில் குடிசைகளில் வாழ்ந்த ஏழை ஜனங்களுக்குப் பிற்காலத்தில் அடுக்குமாடி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன, அங்கே தமிழ்ப் பேச்சு இன்றும் காதில் விழும். அப்பால் சாரக்கியும், லோகநாயகர் ஜயப்பிரகாஷ் நாராயணரின் பெயர் தாங்கிய ஜே.பி. நகரும் இருக்கின்றன. ஓய்வூதியம் பெறுகிறவரும் வீட்டு வேலைக்குப் போகிறவரும் ஒரே வரிசையில் நின்று வாக்களிக்கும் தொகுதி இது. இந்தக் கலவையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இதன் முடிவுகள் விளங்கும்.

ஜே.பி.யின் பெயரைச் சொன்னதும் அவசரநிலைக் காலத்தை நினையாமல் இருக்க முடியாது. 1975-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26-ஆந் தேதி காலையில், பார்லிமெண்டுக் குழுவின் வேலையாகப் பெங்களூருக்கு வந்திருந்த வாஜ்பாயி, அத்வானி, மது தண்டவதே, சியாம் நந்தன் மிசிரா ஆகியோர் இந்நகரத்திலேயே கைது செய்யப்பட்டு, இங்குள்ள மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அந்தச் சிறையிருந்த இடம்தான் இப்போது சுதந்திரப் பூங்காவாக இருக்கிறது. தேசத் தலைவர்கள் தங்கள் ஊர்ச் சிறையில் வாடுகிறார்கள் என்ற செய்தியை, பத்திரிகைகளில் தணிக்கை இருந்தபோதிலும், தெற்குப் பெங்களூரின் படித்த ஜனங்கள் வாய்மொழியாக அறிந்துகொண்டார்கள்.

அதன் பலன் 1977-இல் தெரிந்தது. வடநாடு முழுவதும் காங்கிரஸைக் கைவிட்ட அந்தப் பொதுத் தேர்தலில் கர்நாடகம் அதைக் கைவிடவில்லை. 28 இடங்களில் 26-ஐ அக்கட்சிக்கே தந்தது. மிஞ்சிய இரண்டில் ஒன்று ஹாசன், மற்றொன்று பெங்களூர் தெற்கு. பெங்களூர் தெற்கில் ஜனதாவின் சார்பில் வென்றவர் கே.எஸ். ஹெக்டே. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக இருந்து, 1973-இல் தமக்குரிய முதன்மையைப் புறக்கணித்து இளையவரைத் தலைமை நீதிபதியாக்கியபோது, உடனே பதவியைத் துறந்த மூவரில் ஒருவர் அவர். நீதிமன்றத்தின் சுதந்திரத்துக்காகப் பதவியை விட்ட மனிதரை மக்கள் சபைக்கு அனுப்புவது தங்கள் கடமையென்று இப்பகுதி வாக்காளர்கள் கருதினார்கள்; சபையோ அவரைத் தன் சபாநாயகராக்கிக் கொண்டது. 1980-இல் இந்திரா காந்தியின் கட்சி இந்த ராஜ்யத்தில் 27 இடங்களை வாரிக்கொண்டபோதும், எஞ்சிய அந்த ஒரே இடம் மறுபடியும் பெங்களூர் தெற்காகவே இருந்தது. அங்கே ஜனதாவின் டி.ஆர். சாமண்ணா வென்றார்.

1978-ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலும் இதே சுபாவத்தைக் காட்டிற்று. நில உச்சவரம்புச் சட்டத்தாலும், பிற்பட்ட வகுப்பாருக்குச் செய்த உதவிகளாலும் கிராமங்களின் நெஞ்சில் இடம் பிடித்திருந்த தேவராஜ் அரசு, இந்திரா காங்கிரஸுக்கு 149 இடங்களைத் தேடித் தந்தார். அந்த வெள்ளத்திலும் ஜயநகர் ஜனதாக் கட்சியின் எம். சந்திரசேகரைத் தேர்ந்தெடுத்தது. 1983-இலும் 1985-இலும் அவரையே திரும்பத் திரும்ப அனுப்பியது. 1983 ஜனவரியில் நடந்த மாறுதல் சாமானியமானதன்று. 95 இடங்களைப் பெற்ற ஜனதா, 18 இடங்களைப் பெற்ற பாரதீய ஜனதா முதலியவற்றின் ஆதரவோடு மந்திரிசபை அமைத்தது. கர்நாடகத்தில் காங்கிரஸ் அல்லாத முதல் சர்க்கார் அதுவே. ராமகிருஷ்ண ஹெக்டே முதல் மந்திரியானார்.

1984 டிசம்பரில் இந்திரா காந்தியின் கொலைக்குப் பின் நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில் காங்கிரஸ் 24 இடங்களையும் ஜனதா நான்கே இடங்களையும் பெற்றன. அந்த நான்கினுள்ளும் பெங்களூர் தெற்கு ஒன்று, அங்கே வி.எஸ். கிருஷ்ண அய்யர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜனங்களின் நம்பிக்கையை இழந்துவிட்டதாகக் கருதி ஹெக்டே ராஜினாமாச் செய்து, சபையைக் கலைக்கச் செய்து, 1985 மார்ச்சில் மறுபடியும் வாக்காளர் முன் நின்றார். மூன்றே மாத இடைவெளியில் அதே ஜனங்கள் ஜனதாவுக்கு 139 இடங்களைக் கொடுத்தார்கள். தில்லிக்கு ஒருவர், பெங்களூருக்கு ஒருவர் என்று பிரித்துத் தீர்மானிக்கும் விவேகம் பாமரருக்கும் உண்டு என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல ருசு இந்தியத் தேர்தல் வரலாற்றில் கிடைப்பது அரிது. ராஜ்யம் அன்று கற்றுக்கொண்ட அந்த விவேகத்தை ஜயநகர் பின்னர் இருபது ஆண்டுகள் கடைப்பிடித்தது. அதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

1989-இல் காங்கிரஸ் 178 இடங்களைப் பெற்று வீரேந்திர பாட்டீலின் தலைமையில் அரசமைத்தபோது, ஜயநகரின் பிரதிநிதியாக அக்கட்சியின் ராமலிங்க ரெட்டி சபைக்குள் நுழைந்தார். நகரசபை அரசியலிலிருந்து மேலே வந்தவர் அவர். காற்று வீசிய திசையில் ஒரு தொகுதி சாய்ந்தது என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் 1994-ஐ அப்படித் தள்ள முடியாது. அந்த வருஷம் ஜனதா தளம் 115 இடங்களைப் பிடித்துத் தேவே கௌடரை முதல் மந்திரியாக்கிற்று. பாரதீய ஜனதா 40 இடங்களோடு இரண்டாவதாக வந்தது. ஆண்ட காங்கிரஸ் 34 இடங்களுக்குச் சுருங்கி மூன்றாம் ஸ்தானத்துக்குப் போயிற்று. அந்த முப்பத்து நான்கு பேரில் ஒருவர் ஜயநகரின் ராமலிங்க ரெட்டி. 1999-இலும் 2004-இலும் அவரே வென்றார்.

இதே காலத்தில் பார்லிமெண்டுக்கு இப்பகுதி வாக்காளர்கள் என்ன செய்தார்கள்? 1989-இல் காங்கிரஸின் ஆர். குண்டு ராவை அனுப்பினார்கள். 1991-இல் பாரதீய ஜனதாவின் வெங்கடகிரி கௌடரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1996 முதல் தம் மரணம் வரையில் அதே கட்சியின் அனந்தகுமார் ஒருவரே பெங்களூர் தெற்கின் பிரதிநிதியாக இருந்தார். ஆகவே, தில்லிக்குத் தாமரையும் விதான சௌதத்துக்குக் கையுமாக இத்தொகுதியிலிருந்து பிரதிநிதிகள் ஒரு தலைமுறைக் காலம் போய்க்கொண்டிருந்தார்கள். கொள்கைப் பற்றில்லாத ஜனங்கள் என்று இவர்களைக் குறை கூறுவோரும் உண்டு. நான் அவ்வாறு நினைக்கவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறதா, சாக்கடை அடைத்துக்கொண்டால் யார் வந்து நிற்கிறார், ரேஷன் அட்டைக்கு யாரிடம் போவது என்பவை சட்டசபை அங்கத்தினரிடம் ஜனங்கள் கேட்கும் கேள்விகள்; தேசம் எத்திசையில் போக வேண்டும் என்பது பார்லிமெண்டு அங்கத்தினரிடம் கேட்கும் கேள்வி. இரண்டையும் வெவ்வேறாகக் கேட்கத் தெரிந்தவர்களைக் குழப்பமுற்றவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. திலக் நகரிலும் பைரசந்திராவிலும் இருந்த ஏழை வோட்டுகளோடு, கட்சியைப் பாராமல் ஆளைப் பார்த்த நாலாவது பிளாக்கின் வோட்டுகளும் சேர்ந்ததனாலேயே அந்த நான்கு வெற்றிகளும் சாத்தியமாயின என்று நான் கருதுகிறேன்.

தமிழ் வாசகர்களுக்கு இவ்விடத்தில் ஒரு வார்த்தை. இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தூரத்திலுள்ள கோலார் தங்க வயலில், தமிழ்த் தொழிலாளரின் வோட்டுகளால் அ.தி.மு.க. அபேட்சகரான பக்தவத்சலம் 1983, 1989, 1999 ஆகிய மூன்று தேர்தல்களில் கர்நாடகச் சட்டசபைக்குள் போனார் என்பதை முந்தைய அத்தியாயம் ஒன்றில் பார்த்தோம். ஜயநகரில் தமிழர் தொகை அத்தகைய முடிவைத் தரக்கூடியதன்று. இங்குள்ள தமிழர் தங்கள் வோட்டை இவ்வூர்க் கட்சிகளுக்குள்ளேயே பகிர்ந்து கொடுத்து வந்திருக்கிறார்கள்.

2008-ஆம் ஆண்டுக்கு முன் தொகுதிகளின் எல்லைகள் திருத்தியமைக்கப்பட்டன. ஊதிப் பெருகிவிட்ட பெங்களூருக்கு 28 தொகுதிகள் கிடைத்தன. பழைய ஜயநகரின் சில பகுதிகள் பிரிந்து, பி.டி.எம். லேஅவுட் என்ற வேறொரு தொகுதியின் பக்கம் போயின. ராமலிங்க ரெட்டியும் அங்கே போய்விட்டார். அன்று முதல் இன்று வரை அங்கே அவரே வென்று வருகிறார். ஜயநகரில் பாரதீய ஜனதாவின் பி.என். விஜயகுமார் 2008-இல் வென்றார். எளிய வாழ்க்கைக்காரர் என்று கட்சிக்கு வெளியிலும் பெயரெடுத்தவர். 2013-இல் காங்கிரஸ் 122 இடங்களோடு ஆட்சியைப் பிடித்தபோதும் ஜயநகர் அவரை விடவில்லை.

2018-இல் விதி குறுக்கிட்டது. மே மாதம் 12-ஆந் தேதி வாக்குப்பதிவு என்றிருக்க, 3-ஆந் தேதி பட்டாபிராம நகரில் வீடு வீடாக ஆதரவு கேட்டுக்கொண்டிருந்தபோது விஜயகுமார் மயங்கி விழுந்தார். இத்தொகுதியிலேயே உள்ள ஜயதேவ இருதய மருத்துவமனையில் அன்று பின்னிரவில் காலமானார். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் அபேட்சகர் ஒருவர் தேர்தலுக்கு முன் இறந்தால், அக்கட்சி வேறொருவரை நிறுத்துவதற்கு அவகாசம் தந்து வாக்குப்பதிவைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அவ்வாறே ஜயநகரின் தேர்தல் ஜூன் 11-ஆந் தேதிக்குத் தள்ளிப் போயிற்று. வாக்காளர் அடையாள அட்டைகள் ஓர் அடுக்ககத்தில் குவியலாகக் கிடைத்த ராஜராஜேசுவரி நகரிலும் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டதால், மே 12-இல் 222 தொகுதிகளிலேயே வாக்களிப்பு நடந்தது.

இடைப்பட்ட ஒரு மாதத்தில் ராஜ்யமே மாறிவிட்டது. 104 இடங்களோடு முதலிடம் பெற்ற பாரதீய ஜனதாவின் எடியூரப்பா பதவியேற்று, பெரும்பான்மையைக் காட்ட இயலாமல் மூன்றாம் நாளே விலகினார். காங்கிரஸும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் கைகோத்து மே 23-இல் குமாரசாமியை முதல் மந்திரியாக்கின. அந்த உறவின் பயனாகத் தளத்தின் அபேட்சகர் ஜயநகரில் போட்டியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். மறைந்தவரின் சகோதரர் பி.என். பிரகலாத் ஒரு புறமும், பழைய பிரதிநிதி ராமலிங்க ரெட்டியின் மகள் சௌம்யா ரெட்டி மறுபுறமுமாகக் களத்தில் நின்றார்கள். சௌம்யா ரெட்டி 2,889 வோட்டுகள் அதிகம் பெற்று வென்றார். தந்தையின் தொகுதி பத்து ஆண்டுகளுக்குப் பின் மகளிடம் வந்தது.

இனி 2023.

மே 10-ஆந் தேதி வாக்குப்பதிவும் 13-ஆந் தேதி எண்ணிக்கையும் நடந்தன. சௌம்யா ரெட்டியை எதிர்த்துப் பாரதீய ஜனதாவின் சார்பில் நின்றவர், மாநகராட்சி உறுப்பினராக இருந்த சி.கே. ராமமூர்த்தி. எண்ணிக்கை நாளன்று நண்பகலுக்குள்ளேயே, காங்கிரஸ் பெரும் வெற்றி அடைகிறது என்பது ராஜ்யம் முழுவதும் தெரிந்துவிட்டது. மாலையில் அக்கட்சியின் கணக்கில் 135 இடங்கள் நின்றன, பாரதீய ஜனதாவுக்கு 66, தளத்துக்கு 19. எங்கும் வெடிகள் வெடித்து ஓய்ந்துவிட்ட அந்த வேளையிலும், ஜயநகரிலுள்ள கல்லூரி ஒன்றில் அமைந்த எண்ணிக்கை மையத்தில் மட்டும் வேலை முடியவில்லை. இயந்திரங்களின் கணக்கு சௌம்யா ரெட்டிக்குச் சொற்பமான முன்னணியைக் காட்டிற்று. எதிர்த்தரப்பு மறு எண்ணிக்கை கோரிற்று. சண்டை தபால் வோட்டுகளிடம் வந்து நின்றது.

தபால் வோட்டு எண்ணப்படும் முறையை இங்கே விவரித்தாக வேண்டும். அதை அறியாமல் அந்த இரவை அறிய முடியாது. வாக்காளருக்கு இரண்டு உறைகள் கொடுக்கப்படுகின்றன. சிறிய உறைக்குள் வாக்குச் சீட்டு. பெரிய உறைக்குள் அந்தச் சிறிய உறையும், அதோடு ஓர் உறுதிமொழிப் பத்திரமும். இச்சீட்டில் வாக்களித்தவன் நானே என்று வாக்காளர் அப்பத்திரத்தில் கையெழுத்திட, உரிய அதிகாரி ஒருவர் அதற்குச் சான்றளிக்க வேண்டும். எண்ணிக்கை நாளன்று காலை எட்டு மணிக்கு, இயந்திரங்களைத் தொடுவதற்கு முன், தபால் உறைகள்தாம் முதலில் பிரிக்கப்படும். பெரிய உறையைத் திறந்து உறுதிமொழியைப் பார்ப்பார்கள். கையெழுத்து இல்லையென்றாலும், சான்று இல்லையென்றாலும், பத்திரத்திலுள்ள சீட்டின் வரிசை எண் சிறிய உறையின் மேலுள்ள எண்ணோடு ஒவ்வவில்லையென்றாலும், உள்ளே இருக்கும் சிறிய உறை திறக்கப்படாமலே தள்ளுபடியாகும். அதற்குள் இருக்கும் வோட்டு யாருக்கு என்பது எவருக்கும் தெரியாமலே போய்விடும். வெற்றியின் வித்தியாசம் இவ்வாறு தள்ளப்பட்ட தபால் வோட்டுகளின் தொகையைக் காட்டிலும் குறைவாக இருந்தால், அவை அனைத்தையும் தேர்தல் அதிகாரி மீண்டும் எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது தேர்தல் கமிஷனின் கட்டளை.

தேர்தல் வேலைக்குப் போகும் உத்தியோகஸ்தர்களுக்கே பெரும்பாலும் உரியதாக இருந்த இந்த உரிமை, கர்நாடகத்தில் அந்த வருஷம் முதன்முறையாக எண்பது வயது கடந்த முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதியாக விரிந்தது. ஓய்வுபெற்ற ஜனங்கள் நிறைந்த ஜயநகர் போன்ற இடத்தில் அதன் முக்கியத்துவத்தைச் சொல்லவேண்டியதில்லை. அலுவலர்கள் வீட்டு வாசலுக்கு வந்து, கட்டிலில் கிடந்த முதியவரின் கையில் சீட்டைக் கொடுத்து, மறைவில் குறியிடச் செய்து, உறையில் ஒட்டி எடுத்துப் போனார்கள். ஜனநாயகம் ஒரு கிழவரை இவ்வளவு மரியாதையோடு தேடி வந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்த விஷயம்.

அன்றிரவு, முன்னர் தள்ளப்பட்ட தபால் வோட்டுகள் மீண்டும் மேஜைக்கு வந்தன. பாரதீய ஜனதாவின் பார்லிமெண்டு அங்கத்தினர் தேஜஸ்வி சூர்யாவும், முன்னாள் மந்திரி ஆர். அசோகாவும் மையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். காங்கிரஸ் தலைவர் டி.கே. சிவகுமாரும் வந்தார், ராமலிங்க ரெட்டி தம் தொகுதியில் வென்ற கையோடு இங்கே வந்து, செல்லாத வோட்டுகளைச் செல்லுபடியாக்குகிறார்கள் என்று ஆட்சேபித்தார். நியாயமாகத் தள்ளப்படாத வோட்டுகளையே எண்ணச் சொல்கிறோம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். வெளியே இரு கட்சித் தொண்டர்களும் கூடி நின்று கோஷமிட, போலீஸார் தடுப்புகளை நிறுத்தினார்கள். நள்ளிரவை ஒட்டி முடிவு அறிவிக்கப்பட்டது: ராமமூர்த்திக்கு 57,797 வோட்டுகள், சௌம்யா ரெட்டிக்கு 57,781. வித்தியாசம் 16.

இந்த எண்ணைச் சுற்றிப் பல எண்களை வைத்துப் பார்க்கலாம். சௌம்யா என்ற பெயரையே உடைய வேறொரு சுயேச்சை அபேட்சகர் முந்நூறுக்கு மேற்பட்ட வோட்டுகளைப் பெற்றிருந்தார். பெயர் மயக்கத்தால் விழுந்தவை அவற்றில் எத்தனையோ! எவரும் வேண்டாம் என்று நோட்டாவை அழுத்தியவர்களின் தொகை பதினாறைப் போலப் பன்மடங்கு. இரண்டு அபேட்சகர்களும் சேர்ந்து பெற்றவை 1,15,578. தொகுதியின் வாக்காளர்களோ ஏறத்தாழ இரண்டு லட்சம். அன்று வெயிலுக்கு அஞ்சியோ, விடுமுறையைக் கழிக்க வெளியூர் போயோ, யார் வந்தால் என்ன என்று அலுத்தோ சாவடிக்கு வராதிருந்தோர் பல்லாயிரம் பேர். படித்தவர்கள் வாழும் தொகுதிகளிலேயே வாக்குப்பதிவு குறைவு என்பது பெங்களூரின் பழைய வியாதி. எனக்கு இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் வருத்தம் மேலிடுகிறது. ராகிகுட்டாவில் ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நின்ற பெண்ணின் முன்னால், மூன்று தெரு தள்ளியிருக்கும் சாவடிக்கு நடக்காத கனவான் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

நெருக்கமான முடிவுகள் நமக்குப் புதியவை அல்ல. 2004-இல் இதே கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளித் தொகுதியில் காங்கிரஸின் துருவநாராயணா 40,752 வோட்டுகளும், தளத்தின் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி 40,751 வோட்டுகளும் பெற்றார்கள். அந்த ஒற்றை வோட்டில் தோற்ற கிருஷ்ணமூர்த்தி, ஜயநகரில் இத்தனை அமளி நடந்த அதே 2023 மே 13-இல், காங்கிரஸ் அபேட்சகராகக் கொள்ளேகாலத்தில் வென்று சட்டசபைக்குத் திரும்பினார். தமிழ்நாட்டில் 2021-இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. ஆனால் ஜயநகருக்குச் சரியான இணை, 2016-ஆம் ஆண்டு ராதாபுரம். அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 வோட்டுகளால் தி.மு.க.வின் அப்பாவுவை வென்றார். தலைமை ஆசிரியர்கள் சான்றளித்திருந்த 203 தபால் வோட்டுகள், சான்றளித்தவர்களுக்கு அந்தத் தகுதி இல்லையென்று தள்ளப்பட்டன என்பது வழக்கு. மூன்றாண்டுகளுக்குப் பின், 2019 அக்டோபரில், சென்னை உயர்நீதிமன்றம் தபால் வோட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ணப் பணித்தது; எண்ணியும் முடித்தார்கள்; முடிவை வெளியிடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு தடுத்துவிட்டது. சட்டசபையின் ஆயுளும் அதற்குள் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

ஆகவே, சௌம்யா ரெட்டி கர்நாடக உயர்நீதிமன்றத்தில் தேர்தல் மனுத் தாக்கல் செய்தபோது எவருக்கும் வியப்பு ஏற்படவில்லை. அன்றிரவு மையத்தில் நடந்தது சரியா தவறா என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது; அதில் நான் புகவில்லை. ஆனால் முறையைப் பற்றி ஒன்று சொல்லுவேன். தபால் உறைகள் காலை எட்டு மணிக்கே திறக்கப்படுகின்றன. எந்த உறை எக்காரணத்தால் தள்ளப்பட்டது என்பதை அப்போதே எழுதி, இரு தரப்பு ஏஜெண்டுகளின் கையெழுத்தையும் வாங்கி மூடிவிட்டால், வெற்றி தோல்வி இன்னதென்று தெரிந்த பிற்பாடு, நள்ளிரவில், தலைவர்கள் புடைசூழ அதே உறைகளை மறுபடி ஆராயும் நிலை வராது. முடிவு தெரியாத வேளையில் செய்த தீர்மானத்துக்கு இருக்கும் நம்பகம், முடிவு தெரிந்தபின் செய்யும் தீர்மானத்துக்கு, அது எவ்வளவு நேர்மையாகச் செய்யப்பட்டாலும், ஜனங்களிடத்தில் இருப்பதில்லை.

மறு ஆண்டில் பார்லிமெண்டுத் தேர்தல் வந்தது. காங்கிரஸ் சௌம்யா ரெட்டியையே பெங்களூர் தெற்கில் நிறுத்திற்று. தேஜஸ்வி சூர்யா 2,77,083 வோட்டுகள் அதிகம் பெற்று வென்றார். தில்லிக்குத் தாமரை என்ற பழைய பழக்கத்தை இப்பகுதி மாற்றிக்கொள்ளவில்லை.

ஜயநகரிலும், பொதுவாக இந்நகரத்திலும் வாடகை வீடுகளில் வாழும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு மாறும்போது பாலுக்கும் காஸுக்கும் விலாசம் மாற்றுகிறோம். வாக்காளர் பட்டியலை மறந்துவிடுகிறோம். அடுத்த தேர்தலில் சாவடிக்குப் போய்ப் பெயரில்லையென்று திரும்புகிறோம். திலக் நகரிலிருந்து சாரக்கிக்குப் போனாலும் சரி, பக்கத்துத் தெருவுக்கு மாறினாலும் சரி, இடமாற்றத்துக்குரிய படிவம் 8-ஐ உங்கள் வாக்குச் சாவடி அலுவலரிடம் நிரப்பிக் கொடுங்கள். முதன்முறை பெயர் சேர்ப்பவர்களுக்கு உரியது படிவம் 6. தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல், இந்த மாதமே அதைச் செய்துவிடுங்கள்.